இர்மா வைத்த பெயர் இல்லை

காதோரம் வந்த கத்தரி நின்றது.

"உருண்டையா, நீளமா, தோள்ல மாட்டுற பை இருக்கே, அதுக்கு இங்கிலீஷ்காரன் என்ன பேர் வெச்சிருக்கான், தெரியுமா?"

தலை, முடிவெட்டும் இர்மாவின் கையில் இருக்கும்போது எழுந்து ஓடவா முடியும்?

"டஃபல்! நம்ம ஊர் பேரு! அந்தக் காலத்துல இங்க நெய்த முரட்டுக் கம்பளி கப்பலேறிப் போச்சு. துணிக்கு ஊர் பேரு, அதுல தைச்ச பைக்கும் அதே பேரு. இப்ப நைலான்ல தைச்சாலும் பேர் மாறல பாருங்க."

டஃபல்காரர்களான நாங்களோ அதை மூட்டைப் பை என்றுதான் சொல்கிறோம். அது இர்மாவுக்குத் தீராத வயிற்றெரிச்சல். அந்தப் பையோடு ரயிலிலிருந்து இறங்கும் வெளியூர்ப் பிள்ளைகளை வழிமறித்து, பையைத் தட்டி, "வாடா ராசா, வீட்டுக்கு வந்துட்டியா?" என்பார். பையிடம்தான்.

பக்கத்து ஊர் மெக்கலனில் இருந்து வன்னஸ் முடிவெட்ட வருவார். மனைவியை இழந்த லாரி ஓட்டுநர். வெட்டுவதற்கு முடி அதிகமில்லை. ஆனாலும் அடிக்கடி வருவார். ஏன் என்று ஊருக்கே தெரியும்.

போன குளிர்காலத்தில் ஒருநாள், கடையில் ஆள் இருக்கும்போதே கேட்டுவிட்டார். "இர்மா, நான் இங்கயே வந்துடட்டுமா? உங்களோட?"

இர்மா சிவந்துபோனார். வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை. "வரலாம். அந்தப் பைய டஃபல்னு சொல்லுவீங்களா?"

"மூட்டைப் பைய மூட்டைப் பைன்னுதான் சொல்லுவேன். ஊர்ல ஒரு தறி கூட இல்ல, பேரு எதுக்கு?"

"கோபுரத்துல பட்ட நிலா வெளிச்சத்தத் தீன்னு நெனச்சுத் தண்ணி ஊத்துன ஊர்க்காரர் பேசுற பேச்சப் பாரு! போங்க!"

போய்விட்டார். பிறகு வரவே இல்லை. இர்மா பேச்சில்லாமல் முடி வெட்டினார். பை பற்றிய கதையை நாங்களே கேட்டால்கூட, "பைதானே, விடுங்க" என்றார். ஊருக்கே பயம் வந்துவிட்டது.

நேற்று என் தலை பாதி முடிந்திருந்தபோது கதவு திறந்தது. வன்னஸ். மெக்கலனில் எவரோ வெட்டிய முடி, ஒரு பக்கம் எலி கடித்த மாதிரி. தோளில் புடைத்த பை.

"என்ன அது?" இர்மா பையைக் காட்டினார்.

"மூட்டைப் பை," என்றார் வன்னஸ். "என் துணி பூரா இதுலதான் இருக்கு."

இர்மா கத்தரியை என் மடியில் வைத்தார். பையை அவர் தோளிலிருந்து கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, கடைக்கு மேலே இருக்கும் தன் வீட்டுக்கு மாடிப்படி ஏறினார்.