ஆற்றோடு போன மருந்து

கண்ணுகளா, உங்கள் அப்பா நான் ஒரு தடவை முதலை இருக்கும் ஆற்றில் குதித்திருக்கிறேன். அதுவும் கிளினிக்கில் கொடுத்த நீலச் சட்டையோடு! எங்கள் மிஸ்ஸி கை நீட்டி, "அந்தப் பை! அந்தப் பை!" என்று கத்தினார். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

மிஸ்ஸி எங்கள் கிளினிக்கின் மூத்த தாதி. நான் வேன் ஓட்டுகிறவன். பத்து பாகாட் டவுனிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் கிளினிக். சிறையிலிருந்து யாராவது எங்கள் பக்கம் வீடு திரும்பினால், உள்ளே அவர்களுக்குப் பார்த்துவந்த வைத்தியம் வெளியே வந்ததும் அறுந்துபோகாமல் பிடித்துக்கொள்வது மிஸ்ஸியின் பொறுப்பு. சிறை டாக்டரிடம் பேசுவார், எங்கள் டாக்டரைக் கேட்டு மருந்துக்கு ஏற்பாடு செய்வார், அப்புறம் என்னைப் பார்த்து, "அண்ணே, வண்டிய எடுங்க லா, ஒரு வீடு பாக்கணும்" என்பார். அந்தக் குரலில் திருவிழாவுக்குக் கிளம்புகிற துள்ளல் இருக்கும். எனக்கும் அது தொற்றிக்கொண்டது.

அன்று சிறையிலிருந்து வீடு திரும்பியவர் காசநோய்க்காரர். மருந்து பாதியில் இருந்தது. இருமல் நின்றுவிட்டதால் குணமாகிவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடுவார்கள், அதுதான் பயம் என்று மிஸ்ஸி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் விட்டால் நோய் மறுபடி கிளம்பும். அப்போது இந்த மருந்துக்கு அடங்காது. அவர் தங்கப்போவதோ அவருடைய அக்கா வீட்டில். அங்கே தவழ்கிற குழந்தை ஒன்று.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மா வேலிக்கு அந்தப்புறத்திலிருந்து, "தல முழுக ஆத்துக்குப் போயிருக்காங்க மிஸ்ஸி" என்றார். மிஸ்ஸியின் முகம் மாறியது. எனக்கும் உறைத்தது. எங்கள் தோட்டங்களில் சிறையிலிருந்து வந்தவரை நேராக வீட்டுக்குள் விடமாட்டார்கள். கோயிலுக்குப் பின்னால் ஓடும் ஆற்றுக்குக் கூட்டிப்போய், மொட்டை போட்டு, தலை முழுக வைத்து, சிறையிலிருந்து கொண்டுவந்த எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். சட்டை, துண்டு, செருப்பு, எதுவும் மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் பீடை வீட்டுக்கு வந்துவிடுமாம்.

எல்லாம் என்றால் மருந்தும்தானே!

நாங்கள் போய்ச் சேரும்போது அக்கா கடைசி மூட்டையை வீசிக்கொண்டிருந்தார். நான் குதித்தேன். இடுப்பளவு சேறு. மருந்துப் பை என்று நினைத்து இழுத்தால் கையில் வந்தது ஒரு ஜீன்ஸ் கால்சட்டை.

"ஐயோ டிரைவர் அண்ணே, தொடாதீங்க! பீடை உங்களப் புடிச்சிக்கும்!" என்று அக்கா அலறினார்.

"அலமாக், மொதல்ல அவர முதல புடிக்காம இருக்கட்டும்!" என்றார் மிஸ்ஸி. மொட்டைத் தலையோடு, ஈர வேட்டியோடு நின்ற அந்தத் தம்பி அப்போதுதான் லேசாகச் சிரித்தார். பை போய்விட்டது.

மிஸ்ஸி திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "போகட்டும்மா. அது ஜெயில் மருந்து. நான் கொண்டாறது நம்ம கிளினிக் மருந்து, ஒங்க வீட்டு மருந்து. அத வீசக்கூடாது, சரியா?" என்றார். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். ஆனால் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எனக்கு எந்த மருந்தும் வேணாம் மிஸ்ஸி. உள்ள தெனமும் நம்பர் சொல்லிக் கூப்புடுவாங்க. முழுங்கிட்டு வாயத் தொறந்து காட்டணும். வெளிய வந்தும் அதேதானா?"

மிஸ்ஸி கடிகாரத்தைப் பார்த்தார். "இங்கயே இருப்பா, வந்திடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேனில் ஏறினார். கிளினிக் மூடும் நேரம். சேறு சொட்டச் சொட்ட நான் ஓட்டினேன். செம்மண் சாலையில் வேன் குதித்தது. மிஸ்ஸி போனில், "மூடிறாதீங்க, வந்துட்டோம்" என்று மலாயிலும் தமிழிலும் மாறி மாறிக் கெஞ்சினார். மருந்தகத்து மலாய்க்காரம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தார். மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது எங்கள் இருவருக்கும் ஒரே கேள்வி. அந்தத் தம்பி அங்கேயே இருப்பாரா?

இருந்தார். கோயில் படியில், மடியில் அக்காவின் குழந்தையோடு.

பதிவேட்டில் பெயர் இருந்தும், அவர் வாயால் வரட்டும் என்று மிஸ்ஸி மெல்ல அவர் பெயரைக் கேட்டார். அவர் சொன்னார். அந்தப் பெயரைச் சொல்லி, கூடவே 'தம்பி' என்றும் சேர்த்து, விருந்துக்கு அழைக்கிற மாதிரி மிஸ்ஸி கூப்பிட்டார். "தெனமும் இப்படித்தான் கூப்புடுவாங்க, ஒங்க அக்கா. வாயத் தொறக்க வேணாம். முழுங்கிட்டு இந்தப் புள்ளகிட்ட பேசு, போதும்."

தம்பி குழந்தையை ஒரு தொடைக்கு நகர்த்திவிட்டுக் கை நீட்டினார். மாத்திரைகளை வாங்கி விழுங்கினார். குழந்தையைப் பார்த்து, "கசக்குதுடா" என்றார். அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

மருந்து முடியும்வரை அக்கா ஒருநாளும் விடவில்லை. நோய் முழுக்கப் போய்விட்டது. இப்போது தம்பி மாசாய் டவுனில் தொழிற்சாலை வேலை பார்க்கிறார். மிஸ்ஸி ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் அவருக்குப் பின் வந்த சின்ன மிஸ்ஸியும் நானும் இன்றும் யார் வீட்டுக்கும் முதலில் போவதில்லை, நேராக ஆற்றங்கரைக்குத்தான் போகிறோம். அங்கே துணியெல்லாம் தண்ணீரில் போகிறது. மருந்துப் பையை மட்டும் யாராவது ஒருவர் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, "இந்தாங்க மிஸ்ஸி, பத்திரமா இருக்கு!" என்று காட்டுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

தம்பி முதன்முதலாக மாத்திரையை வாங்கி விழுங்கிய அன்று சாயங்காலம் மிஸ்ஸியை வீட்டில் இறக்கிவிட்டு, வேனைக் கிளினிக்கில் விடத் தனியாக வந்தேன். செம்பனை மரங்களுக்கு நடுவில், முன்னும் பின்னும் ஆளில்லாத இடத்தில் நிறுத்தினேன். ஹார்னில் உள்ளங்கையை வைத்து, கல்யாண வீட்டு வண்டி போகிற மாதிரி விட்டு விட்டு அடித்தேன், கை வலிக்கும்வரை.