கோவளத்தில் கிடைத்த கொசுறு சுறா

2007 டிசம்பர். தங்கைக்குக் குழந்தை பிறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. பால் போதவில்லை, சுறாப் புட்டு வேண்டும் என்றாள். சாப்பிட்டால் பால் ஊறும் என்பது நம்பிக்கை. விலங்கியல் படித்த நான் அதை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. எங்கள் செம்பாக்கத்து மீன்கடையில் பால்சுறா கிடைக்காததால் ஞாயிறு காலை கோவளம் கிளம்பினேன்.

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கத்துக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம், ஒன்பது ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோவுக்கு ஐந்து ரூபாய். கடற்கரையில் சிறிய பால்சுறாக்கள் இரண்டை எண்பது ரூபாய்க்கு வாங்கினேன். நான் பேரம் பேசாததில் மீன்காரப் பெண்ணுக்கு மகிழ்ச்சி. முழ நீளத்தில் வேறு வகைச் சுறா ஒன்றையும் பையில் போட்டாள்.

“வச்சுக்கோ யக்கா, கொசுறு. காலைலேந்து கெடக்குது, ஒருத்தரும் தொடல.”

பழுப்பு உடலில் மங்கிய பட்டைகள். கடலடிப் பாறை இடுக்குகளில் வாழும் வகை. பகலில் படுத்துக் கிடக்கும். இரவில் துடுப்புகளை ஊன்றித் தவழ்ந்து நண்டு, இறால் தேடும். கல்லூரியில் ஃபார்மலின் ஜாடிக்குள் பார்த்ததோடு சரி. இதுவும் அசையவில்லை.

திரும்பும் ஆட்டோவில் பை துள்ளியது.

“இன்னா யக்கா, பையில கோழியா கீது?” என்றார் ஓட்டுநர்.

“சுறா. உயிரோட இருக்கு.”

“அப்ப அதுக்கும் அஞ்சு ரூபா குடு!”

கேளம்பாக்கத்தில் தாம்பரம் பேருந்து கிளம்பத் தயாராக நின்றது. தங்கையைச் செல்போனில் அழைத்தேன்.

“லேட் ஆகும்டி. ஒரு சுறாவைத் திருப்பி விடணும்.”

“சமைக்கத்தானேக்கா வாங்கப் போன? இங்க பாப்பா கத்திட்டே இருக்கா.”

பேருந்தைப் போகவிட்டேன். அதே ஆட்டோவில் ஏறிக் கோவளம் திரும்பினேன்.

பாறைகளுக்குப் பின்னால், முழங்கால் ஆழத்தில் விட்டேன். அது நீந்தவில்லை. மணலில் கிடந்தது. தாமதித்துவிட்டேன் என்று நினைத்தபோது செவுள்கள் திறந்து மூடின. பால்சுறா நீந்திக்கொண்டிருந்தால்தான் மூச்சுவிட முடியும். இது படுத்தபடியே வாயால் நீரை இழுத்துச் செவுள்களுக்கு அனுப்பும். தண்ணீருக்கு வெளியிலும் பல மணி நேரம் தாங்கும். கொஞ்ச நேரத்தில் துடுப்புகளை ஊன்றி, பாறைக்கடியில் போய்விட்டது.

“வுட்டுட்டியா? நாளைக்கு எங்க வலையிலதான் வுழப் போவுது,” என்று சிரித்தாள் மீன்காரப் பெண்.

இருக்கலாம்.

கோவளம் போகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். அங்கே ஐஸ் கிடைப்பதில்லை, டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். கொசுறு கொடுத்தால் பையில் போடுமுன் செவுள்களைப் பாருங்கள். நான் பார்த்திருந்தால் கூடுதலாக ஆட்டோவுக்குக் கொடுத்த பத்து ரூபாயும் ஒரு மணி நேரமும் மிச்சமாகியிருக்கும்.

புட்டு மதியம் மூன்று மணிக்குத்தான் தயாரானது. தங்கை கோபத்தோடு உட்கார்ந்து, இரண்டு தட்டு சாப்பிட்டாள்.