உச்சி வெயிலில் அடித்த மணி

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டைபோட்ட அவசரகாலத்தில், செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், இஞ்சின் ரூமில் எனக்கு வேலை. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். அதன் மேலே மெல்லிய செம்புக் கம்பி ஒன்றை ஓடவிட்டு, கேட்டில் பேட்டரியோடு மணி வைத்தார்கள். யாராவது வேலி ஏறினால் செம்புக் கம்பி முள்கம்பியில் படும், மணி அடிக்கும்.

அந்த மணி தினமும் உச்சி வேளையில் தானாக அடிக்க ஆரம்பித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஆள் இல்லை, காற்றுகூட இல்லை. அந்தப் பக்கம் சுடப்பட்டுச் செத்த ரப்பர்ப் பால்மரம் சீவும் தொழிலாளி உள்ளே வரக் கேட்கிறான் என்றார்கள். பெண்கள் அந்நேரம் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

மணிக்குப் பொறுப்பு நான்தான். நாலாம் வகுப்போடு நின்றவன், எதற்கும் பயப்படுகிறவன். கம்பி பட்டால் அடிக்கும் என்று தெரியும். எப்படி என்று தெரியாது. போலீஸ் சார்ஜன் காரணம் கேட்டபோது அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆலையில் சுவிட்சைத் தட்டினால் அங்கிருந்து கரண்ட் வந்துதானே மணி அடிக்கிறது? அந்த நினைப்பில், வெளியிலிருந்து யாரோ கரண்ட் அனுப்புகிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.

வேலிக்கு வெளியே அந்நேரம் இருப்பவர் ஒருவர்தான், பாஸ் வாங்கி மாடு மேய்க்கும் பால்கார அண்ணன். அவர் மூட்டையில் டார்ச் லைட் பேட்டரி இரண்டு கிடைத்தது. போதாதா? கேட்டில் உட்காரவைத்து, ஏற்றிப்போக லாரிக்குக் காத்திருந்தார்கள். சந்தேகத்துக்கு ஆளானவர்களைக் கப்பலேற்றி நாடு கடத்திய காலம் அது.

அவர் எங்கள் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும்போதே மணி அடித்தது. கூட்டாளி இருப்பான் என்றார் சார்ஜன்.

மோட்டார் பார்க்க பீடோங்கிலிருந்து வந்திருந்த ஒயர்மேன், நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், பேட்டரியைக் கழற்றினார். மணி நின்றது.

"இப்ப அனுப்பச் சொல்லு தம்பி, உன் ஆளை."

சத்தமே இல்லை. மறுபடி மாட்டினார். அடித்தது.

"வெளியேருந்து ஒண்ணும் வரலைலா. கரண்ட் இங்கேருந்துதான் மணி வழியா போகுது. செம்புக் கம்பி எங்கே படுதோ அங்கே முள்கம்பி இழுத்துக்குது. கரண்ட் அங்கேருந்து வர்ற மாதிரியும் மணியைக் கட்டலாம், இங்கேருந்து போற மாதிரியும் கட்டலாம், உனக்கு ஒண்ணுதான் தெரியும்."

வேலியோரம் நடந்தோம். அதுவரை எல்லோரும் ஆளைத்தான் தேடினோம். கம்பியை நான்கூடப் பார்க்கவில்லை. வெயிலில் நீண்டு தொய்ந்த செம்புக் கம்பி, ஓரிடத்தில் முள்கம்பிமேல் படுத்துக் கிடந்தது. குச்சியால் தூக்கினேன். தூரத்தில் மணி அடங்கியது. அந்த அமைதிக்கும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அண்ணனை விட்டுவிட்டார்கள். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நேரத்துக்குக் கறக்காம மாட்டுக்கு மடி கட்டிக்கிச்சு. நீயே வந்து கற."

போனேன். கறக்கவும் எனக்குத் தெரியவில்லை. அதை மட்டும் உடனே சொன்னேன். "தெரியாது" என்ற ஒரு சொல்லுக்கு வெட்கப்பட்டு ஒரு மனிதரைக் கடல் தாண்ட வைத்திருப்பேனே என்ற நடுக்கம், இத்தனை வயதிலும் என்னை விடவில்லை.