முட்டியைத் தொடாத இன்ஜின்

என் மாப்பிள்ளைக்குக் காரை மோதுவதுதான் உத்தியோகம். காலையில் குளித்து, சட்டை மடிப்புக் கலையாமல் ஆபீசுக்குப் போய், கம்ப்யூட்டருக்குள் ஒரு காரைச் சுவரில் மோதவிட்டு, யாருக்கு எங்கே அடிபட்டது என்று பார்த்துவிட்டு வருவார். நிஜத்தில் கார் ஓட்டமாட்டார்; பயம். பஸ்ஸிலும் நடு சீட்தான். தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாலே திடுக்கிடுகிற ஆள். என் மகள் அவருக்கு வைத்த பெயர் இடிதாங்கி.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதற்குப் பயிற்சி எடுத்தவள் நான். முட்டி உடைந்தவர்களைக் கக்கூசுக்குத் தாங்கிப்போய் என் இடுப்பு தேய்ந்தது. அதனால் அவர் வேலையில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: உடைய வேண்டியது கம்ப்யூட்டரிலேயே உடைந்துவிடுகிறது, யாருக்கும் கட்டுப்போட வேண்டியதில்லை.

போன வருஷம் கம்பெனிக்குத் தாங்கள் தயாரிக்கும் புதுக் கார் கனமாக இருக்கிறதே என்று கவலை வந்தது. முன்பக்கத்தில் மோதலைத் தாங்கும் இரண்டு இரும்புச் சட்டங்களை எடுத்துவிட்டு அலுமினியத்தில் போடலாம் என்றார் மேலாளர். அவர் தொப்பை மேஜையை முட்டும். அந்தக் கனத்தை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. மாப்பிள்ளையும் கம்ப்யூட்டரில் சட்டத்தை மாற்றி மோதவிட்டார். உள்ளே டிரைவருக்குப் பதிலாக உட்கார்ந்திருந்த பொம்மையின் முட்டியில் ஒரு கீறல்கூட இல்லை! ஆபீஸே கைதட்டியது. கேக் வெட்டினார்கள். குழுத் தலைவர் பதவி உங்களுக்குத்தான் என்று மேலாளர் தோளில் தட்டினார். அந்தக் காரைத்தான் வாங்குவது என்று என் மகள் நிறம் வரைக்கும் முடிவு செய்துவிட்டாள்.

மறுவாரம் ஒரு நாள் மாப்பிள்ளை சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். நாடியைப் பிடித்துப் பார்த்தேன். குதிரை மாதிரி ஓடியது.

"காய்ச்சல் இல்ல. என்னத்த மறைக்கிறீங்க மாப்பிள்ளை?"

"அத்தை, அந்த முட்டிக்கு ஏன் அடிபடலைன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இன்ஜின் காலுக்குள்ள புகுந்து அந்தப் பக்கமா வந்துடுச்சு."

"காலுக்குள்ள புகுந்துச்சா? அப்புறம் எப்படிக் கீறல் இல்லாம?"

கம்ப்யூட்டரில் எது எதைத் தொடும் என்று நாம்தான் சொல்லிவைக்க வேண்டுமாம். சொல்லாவிட்டால் பேய் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போய்விடுமாம். சட்டத்தை மாற்றியபோது இன்ஜினுக்கு அதை மறுபடி சொல்ல இவர் மறந்துவிட்டார். இப்போது சொல்லிவிட்டு மோதவிட்டிருக்கிறார். முட்டி தூள்.

"நெஜ இன்ஜினுக்கும் யாராவது சொல்லணுமா?"

"வேணாம் அத்தை. அது தானே இடிச்சிடும்."

"அப்போ மேலாளருக்குத்தான் சொல்லணும்."

"சொன்னா பதவி போயிடும்."

"சொல்லலேன்னா கால் போயிடும்," என்றாள் மகள் அடுப்படியிலிருந்து. "அந்தக் கார்ல உட்காரப்போறது நான். இடிதாங்கின்னு சும்மாவா பேரு வெச்சேன்? போய் இடிய வாங்கிட்டு வாங்க."

போனார், வாங்கினார்.

"கேக் வெட்டியாச்சேய்யா!" என்றாராம் மேலாளர். அதுதான் அவருடைய முதல் தொழில்நுட்ப வாதம். இரண்டாவது: "பொம்மையைக் கொஞ்சம் பின்னால தள்ளி உட்கார வெச்சுப் பாரேன்."

"கால் பிரேக்குக்கு எட்டாது, சார்."

"பொம்மை எதுக்குய்யா பிரேக் போடணும்?"

மாப்பிள்ளை ஆபீஸ் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் அந்த முதல் மோதலைத் திரையில் மெதுவாக ஓட்டிக் காட்டினார். இன்ஜின் நிதானமாக வந்து, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி முட்டிகளுக்குள் இறங்கியது. பார்த்தவர்கள் அத்தனை பேரும் மேஜைக்கு அடியில் தங்கள் முட்டியைத் தடவிக்கொண்டார்களாம். மேலாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

இரும்புச் சட்டம் பழைய இடத்துக்கே திரும்பியது. அலுமினியம் இன்ஜினுக்கு மேலே மூடும் பானெட்டுக்குப் போனது. அங்கே நசுங்கினால் யாருக்கும் வலிக்காது. பாதுகாப்பென்றால் ஆரம்பத்திலிருந்தே தனக்கு இரும்புதான் என்று மேலாளர் கம்பெனிப் பத்திரிகையில் பேட்டி கொடுத்தார். குழுத் தலைவர் பதவி அன்றைக்குக் கேக் வெட்டியவருக்குப் போனது. கத்தி பிடிக்கத் தெரிந்தவர்.

மாப்பிள்ளைக்குக் கிடைத்தது, நிஜக் காரை நிஜச் சுவரில் மோதும்போது கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்கிற வாய்ப்பு. அன்றைக்குச் சாயங்காலம் வெளுத்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"பார்த்தீங்களா?"

"மோதும்போது கண்ண மூடிக்கிட்டேன் அத்தை. தொறந்து பார்த்தா பொம்மை அப்படியே உட்கார்ந்திருக்கு. முட்டி ரெண்டும் முழுசா இருந்துச்சு."

"உங்க முட்டி?"

"இன்னும் ஆடுது."

தட்டைச் சத்தமில்லாமல் வைத்தேன். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.