குடியுரிமைக்குக் கேட்ட பூ

அன்று பொட்டலத்துக்குள் இருந்தது வெள்ளைப் பூ. அம்மன் என்னைப் "பொறு" என்றாளா, இல்லை என் பயத்தையே எனக்குத் திருப்பிக் காட்டினாளா?

சகோதரிகளே, இந்தப் பக்கத்தில் மாதாமாதம் நீங்கள் எழுதும் அனுபவங்களை வாசித்து எத்தனையோ முறை அழுதிருக்கிறேன். கடன் தீர்ந்தது, காய்ச்சல் இறங்கியது, காணாமல் போனவர் வந்தார் என்று எழுதுகிறீர்கள். எனக்கும் கேட்டது கிடைத்தது. ஆனால் கிடைத்த கதையை உங்களைப் போல நிமிர்ந்து நின்று சொல்ல முடியவில்லை. பெயர் போட வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் பிறந்தது மலேசியாவில். கல்யாணமாகிக் கோவை கணபதிக்கு வந்தேன். என் கணவர் வீட்டின் கீழ்த்தளத்திலேயே லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஒரே மகள், ஒன்றாம் வகுப்பு. அவள் இங்கேயே பிறந்தவள், இந்தியக் குடிமகள். அவள் அப்பாவும் அப்பத்தாவும் அப்படியே. அந்த வீட்டில் விசாவில் இருப்பவள் நான் ஒருத்திதான். ஒவ்வொரு முறை அதைப் புதுப்பிக்கப் போகும்போதும், இந்தத் தடவை இல்லை என்று சொல்லிவிட்டால் இவளுக்கு யார் தலை பின்னுவார்கள் என்றுதான் முதலில் தோன்றும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை.

இங்கே வந்து ஏழு வருடம் நிறைந்ததும் குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன். எல்லாமே அரசாங்கத்தின் இணையதளத்தில். கணக்குத் தொடங்கியது, படிவம் நிரப்பியது, கல்யாணச் சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றியது எல்லாம் நானே. கடவுச்சொல்லை மகளின் பழைய கோடு போட்ட நோட்டில் எழுதி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். காலையில் குக்கர் வைத்ததும் ஒரு தடவை, மகளைப் பள்ளியில் விட்டு வந்ததும் ஒரு தடவை, விளக்கேற்றும் முன் ஒரு தடவை என்று விண்ணப்பத்தின் நிலையைத் திறந்து பார்ப்பேன்.

"ஏன் அம்மிணி, அடிக்கடி பாத்தா அது குட்டி போடுமா?" என்பார் என் கணவர்.

விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தார். பக்கத்து வீட்டு அக்காவிடம் என்னைப் பற்றிக் கேட்டார். "தங்கமான புள்ளைங்க. ஊட்டுல சத்தமே வராதுங்க" என்று அவர் சொன்னதை ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். போலீஸ்காரர் தெருமுனை திரும்பியதும் அதே அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்கம்மிணி, எதும் பண்ணிப்போட்டீங்களா? எங்கிட்டச் சொல்லுங்க, நான் ஆருகிட்டயும் சொல்லமாட்டேன்."

எல்லாம் நல்லபடியாகவே போனது. ஆடி மாதம் ஒரு காலை, கணக்கில் புதிய அறிவிப்பு ஒன்று வந்திருந்தது. விண்ணப்பம் கொள்கை அளவில் ஏற்கப்பட்டது. பிறந்த நாட்டின் குடியுரிமையை விட்டுக்கொடுத்ததற்கான சான்றை, குறித்த தேதிக்குள் இதே கணக்கில் ஏற்ற வேண்டும். தவறினால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படும். கெடு புரட்டாசியில், ஒரு புதன்கிழமை.

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. எனக்கோ பயம்தான் வந்தது. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது வரும்வரை நான் எந்த ஊர்க்காரி? அதற்குள் மலேசியாவில் இருக்கும் அம்மாவுக்கு ஏதாவது ஆனால் எப்படிப் போவேன்? போனில் அம்மாவிடம் சொன்னேன். "அப்ப இனிமே என்னைப் பாக்க வர்றதுக்கு நீ விசா எடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

என் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவரின் அம்மா. எனக்கு ஒரு கெடுதலும் நினைக்காதவர். நான் பிரசவமாகிக் கிடந்த நாற்பது நாளும் என்னை எழுந்து தண்ணீர் எடுக்கவிடவில்லை. நாள் கிழமை பார்க்காமல், குலதெய்வத்தைக் கேட்காமல் எந்தக் காரியமும் தொடங்கமாட்டார்.

"ஆடியில வேண்டாங்கண்ணு. பொறந்த ஊட்டையே எழுதிக் குடுக்கறது சும்மா காரியமா? ஆவணி பொறக்கட்டும், ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போட்டுச் செய்யலாம்" என்றார்.

பட்டறையில் என் கணவர் என்னிடம், "கவர்மெண்டுக் கெடுவுக்கு ஆடியும் தெரியாது ஆவணியும் தெரியாது" என்று சத்தமாகத்தான் சொன்னார். மாடிக்கு வந்து அத்தை முகத்தைப் பார்த்ததும், "ஆகட்டுங்கம்மா" என்றார்.

நானும் ஆகட்டும் என்றேன். பழி யார் மேலும் இல்லை. படித்தவள் நான், அறிவிப்பை வாசித்தவள் நான்.

எங்கள் குலதெய்வக் கோயில் சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே பூக் கேட்பது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று. இரண்டையும் தனித்தனியே ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார் பூசாரி. நினைத்ததை மனத்தில் சொல்லிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் செய்யலாம். வெள்ளை வந்தால் பொறுக்க வேண்டும்.

ஆவணி முதல் வெள்ளி நானே எடுத்தேன். வெள்ளை.

இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்த வெள்ளையைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வீடு திரும்பும் பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன். அம்மன் சொல்லிவிட்டாள், இனி நான் முடிவெடுக்க வேண்டியதில்லை. அதன் பிறகு கணக்கைத் திறந்து பார்ப்பதையே நிறுத்திவிட்டேன். நோட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னாலேயே கிடந்தது.

அமாவாசைக்கு மறுபடியும் போனோம். மறுபடியும் வெள்ளை. இந்த முறை நிம்மதி வரவில்லை. நாட்காட்டியில் நாளை எண்ணினேன். விண்ணப்பம் மூடிவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. பங்குனியில் என் விசா வேறு முடிகிறது. அத்தையிடம் சொன்னேன். "ஆத்தாளுக்குத் தெரியாதா கண்ணு? அவ பாத்துக்குவா" என்றார். அவர் நம்பிக்கையோடுதான் சொன்னார். என்னிடம் அந்த நம்பிக்கை இல்லை, இருப்பதுபோல் தலையாட்டினேன்.

கெடுவுக்கு முந்தைய வெள்ளி, மூன்றாவது முறை போனோம். "கொழந்த கையால எடுத்தா பொய்க்காது" என்றார் அத்தை. என் மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். அத்தை அந்த நேரம் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பூசாரி வேறொருவருக்குத் திருநீறு கொடுத்துக்கொண்டிருந்தார். நான் இலையைப் பிரித்தேன்.

வெள்ளை.

மூடினேன். "சிவப்புங்க அத்தை" என்றேன்.

அத்தை கைகூப்பி அழுதே விட்டார். பொட்டலத்தைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். என் மகள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, வெள்ளப் பூ தானே?"

"இல்ல கண்ணு. சிவப்பு. நீ சரியாப் பாக்கல."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

திங்கட்கிழமை நானும் கணவரும் சென்னைக்குப் போனோம். மலேசியத் துணைத் தூதரகத்தில் என் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டேன். குடியுரிமையை விட்டுக்கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு ஒன்று தந்தார்கள். ரயிலில் வரும்போது கைப்பையைத் திறந்து திறந்து பார்த்தேன். சீட்டு மட்டும் இருந்தது.

புதன்கிழமை காலை கணக்கில் நுழைந்து அந்தச் சீட்டை ஏற்றினேன். ஏற்கவில்லை. மறுபடியும் முயன்றேன். பாதியில் வெளியே தள்ளியது. மறுபடியும் நுழைந்து, போனுக்கு வந்த எண்ணைப் போட்டு, மறுபடியும் ஏற்றினேன். மதியம் வரை இதே பாடு. கீழே லேத் ஓடும் சத்தம். என் காதில் வேறொரு சத்தம்: வெள்ளையைச் சிவப்பென்றாய், இப்போது பார்.

மதியம் இரண்டு மணிக்குக் கலெக்டர் அலுவலகத்துக்கு ஓடினேன். குடியுரிமை விண்ணப்பங்களைப் பார்க்கும் பிரிவுக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்துதான் வேண்டினேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ பூஜை செய்திருக்கிறேன், மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன். அன்றுதான் முதல்முறையாக அம்மனிடம் பேசினேன். "ஆத்தா, பொய் சொன்னது நான். என் பயத்துக்கு உன்னைக் காவல் வைத்தேன். கெடு நெருங்கியதும் உன் பேரிலேயே பொய்யும் சொன்னேன். என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடு. என் மகளிடமிருந்து மட்டும் என்னைப் பிரித்துவிடாதே." அவ்வளவுதான். பரிகாரம், நேர்த்திக்கடன் எதையும் சொல்லவில்லை.

உள்ளே ஒரு பெண் அலுவலர். என் வயதுதான் இருக்கும். என் போனை வாங்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, அறிவிப்பு ஆடியிலயே வந்திருக்குது. இத்தன நாளா என்னங்க பண்ணீட்டு இருந்தீங்க?"

பூ வரவில்லை என்று எப்படிச் சொல்வேன்?

"ஆடின்னு உட்டுப்போட்டீங்களாக்கும்! எங்க மாமியாரும் அப்படித்தானுங்க. ஆடியில ஃபிரிட்ஜ் ரிப்பேரானாக்கூட ஆவணியிலதான் மெக்கானிக்க உள்ள உடுவாங்க." அவர் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. "அழுதா ஃபைல் சின்னதாகிப் போகுமுங்களா? கலர்ல ஸ்கேன் பண்ணியிருக்கீங்க, அளவு பெருசா இருக்குது. எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடைக்குப் போய்க் கருப்பு வெள்ளையில எடுத்துட்டு ஓடியாங்க. நான் இங்கயேதான் இருப்பேன்."

ஓடினேன். எடுத்துவந்தேன். அவர் மேசை ஓரத்தில் நின்று என் போனிலேயே ஏற்றினேன். "பெறப்பட்டது" என்று வந்தது. மணி நாலே கால். "ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. அடுத்த அறிவிப்ப மாசக்கணக்கா ஊறப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

சகோதரிகளே, அம்மன் எனக்குக் காட்சி தரவில்லை. கனவில் வரவில்லை. என்னைத் திட்டி, வழி சொல்லி, ஜெராக்ஸ் கடைக்கு விரட்டினாள். அப்படித்தான் நான் நம்புகிறேன். பொய் சொன்னவளுக்கும் அவள் கை கொடுத்தாள். நல்லவளாக இருந்து பெற்றிருந்தால் இவ்வளவு வெட்கப்பட்டிருக்கமாட்டேன், இவ்வளவு நன்றியும் வந்திருக்காது.

தை மாதம் சான்றிதழ் கிடைத்தது. உறுதிமொழியை வாசித்துக் கையெழுத்திட்டேன். அன்று மாலை மகள் என்னிடம், "இனிமே நீயும் எங்க நாடா அம்மா?" என்று கேட்டுக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அம்மாவுக்குப் போனில் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "புதுப் பாஸ்போர்ட் வந்ததும் மொதல்ல இங்க வா" என்றார். விண்ணப்பித்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைத் தினமும் திறந்து பார்க்கிறேன்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

மாசியில் அத்தை கோயிலில் பொங்கல் வைத்தார். சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அத்தை பெருமையாகச் சொன்னார். "ரெண்டு தடவை பொறுன்னா ஆத்தா. மூணாவது தடவை என்ற பேத்தி கையில செவப்புப் பூக் குடுத்தா. அப்பறம் பாருங்க, கடகடன்னு முடிஞ்சுபோச்சு!" பிறகு என் மகளை முன்னால் இழுத்து நிறுத்தினார். "நீயே சொல்லு கண்ணு. என்ன பூ எடுத்தே?"

என் மகள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"சிவப்புங்க அப்பத்தா" என்றாள்.

எல்லோரும் அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். வீட்டுக்கு வந்து கால் கழுவிவிடும்போது மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, நான் சரியாச் சொன்னனா?"

என் கண்ணாலேயே பார்த்ததை நான் மறைத்ததைக்கூட அம்மன் மன்னிப்பாள் என்று நம்புகிறேன். ஆனால் ஆறு வயதுக் குழந்தையை, தன் கண்ணைவிட என் முகத்தை நம்பப் பழக்கிவிட்டேன். இதற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

இப்போதெல்லாம் நான் பூக் கேட்பதில்லை. கேட்பவர்களைக் குறை சொல்லவும் இல்லை. கோயிலுக்குப் போகும் முன் என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: எனக்கு வழி தெரியவில்லையா, இல்லை தெரிந்த வழியில் நடக்கப் பயமா? பயம் என்றால் அதைப் பயம் என்றே அவளிடம் சொல்லிவிடுகிறேன். நீங்களும் சொல்லிப் பாருங்கள். அலங்காரம் இல்லாமல் சொன்னாலும் அவள் கேட்கிறாள். அது மட்டும் எனக்குச் சர்வ நிச்சயம்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். அத்தைக்குக் கண் மங்கல். இந்த இதழ் வந்ததும், வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு, நான்தான் அவருக்கு முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டுவேன். இந்தப் பக்கம் வரும்போது நான் என்ன செய்யட்டும்? வாசித்தால், அத்தை தன் வாயால் ஊருக்கெல்லாம் சொன்ன அம்மன் வாக்கு அன்றோடு உடைந்துபோகும். அந்த வயதில் அவரால் தாங்க முடியுமா? வாசிக்காமல் பக்கத்தைப் புரட்டினால், பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகும் என் மகள், "ஒரு பக்கத்த விட்டுட்டியே அம்மா" என்று சொல்வாள்.

அப்போதும் அவளிடம், நீ சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லட்டுமா? உங்களில் யாருக்காவது வழி தெரிந்தால், தயவுசெய்து எழுதுங்கள்.