மாக்கிறேற் கேட்ட விளக்கு

ஊர்காவற்றுறைப் பக்கத்தில், கடலை நம்பி வாழும் ஒரு சின்னக் கிராமம். அங்கே கடற்றொழிலாளர் சங்கத்தின் செயலாளர் மாக்கிறேற். எடுத்த காரியத்தை இடையில் விடுகிற ஆள் இல்லை. அதனால்தான் ஆண்கள் நிறைந்த சங்கத்தில் அவரைப் பிடித்து அந்தக் கதிரையில் இருத்தினார்கள். வேலையைத் தலையில் கட்டுவதற்கு ஒரு பெண் கிடைத்தால் நம்மவர்கள் விடுவார்களா!

சங்கத்துக்கு இருந்தது ஒரே கோரிக்கை. படகுகள் கரைக்குத் திரும்பும் வழியில் ஒரு பெரிய கல் கிடக்கிறது. பகலில் கடல் வற்றும் நேரத்தில் தலை காட்டும். விடியுமுன் இருட்டில் வருகிறவர்களுக்குத் தெரியாது. அதன்மேல் ஒரு விளக்குக் கம்பம் வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் உதவி வழங்கும் குழுவொன்று, சிலைட் போட்டு விளக்கச் சொல்லி அழைத்தது. கணினிக் கடைக்காரர் வழக்கம்போலப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்தார். மண்டபத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. கல்லின் படங்கள் திரையில் வந்தன. கீழே தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடந்தது. யாரோ சிரித்தார்கள். திரையைப் பார்த்து வாசிக்கலாம் என்று போயிருந்த மாக்கிறேற்றுக்கு வாசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

“அடுத்த முறை பாப்பம், அம்மா” என்று அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த முறைக்கு முன்னரே மாரி வந்துவிட்டது. ஒரு விடியற்காலை, அவருடைய கணவர் வின்சன்ற்றின் படகு அந்தக் கல்லில் மோதிப் பிளந்தது. உடல் சுருவில் ஊர்ப் பக்கம் கரையொதுங்கியது. கணினி எழுத்தா ஆளைக் கொன்றது என்று கேட்டால் நான் இல்லை என்றுதான் சொல்வேன். மாக்கிறேற் ஓம் என்றுதான் நம்பினார். அதை அவர் மனதிலிருந்து எடுக்க ஒருவராலும் முடியவில்லை.

மறுபடி அழைப்பு வந்தது. இந்த முறை ஒவ்வொரு பக்கத்தையும் படமாகவே மாற்றுவித்தார். எந்தக் கணினியிலும் எழுத்து கலையாது. இரண்டு பென்ட்ரைவில் ஏற்றினார். இரவல் மடிக்கணினி, வயர்கள், எல்லாம் போதாதென்று அச்சடித்த தாள்கள். முதல் நாளே போய் மண்டபத்தில் போட்டுப் பார்த்தார். திரை இல்லாவிட்டாலும் சொல்லும்படி அத்தனையையும் பாடமாக்கினார்.

“என்ன அக்கா, வீட்டையே பேத்துக்கொண்டு போறியளோ?” என்றார் பஸ்ஸில் யாகப்பு, சங்கத்து உறுப்பினர்.

“ஓம் தம்பி. இந்த முறை ஒண்டும் பிழையாப் போகப்படாது.”

ஒன்றும் பிழையாகப் போகவில்லை. துக்கத்துக்குப் போட்ட கறுப்புச் சட்டையோடு நின்று, கடைசிப் பக்கம்வரை சொல்லி முடித்தார். திரையில் அந்தக் கல் நின்றது. குழுவின் புதிய தலைவர் நிமிர்ந்து இருந்தார்.

“விளக்குப் போடுவம், அம்மா. இவ்வளவு தெளிவா இருக்குதே, இதை முதலே காட்டியிருக்கலாமே?”

“காட்டினனான், ஐயா. அப்ப வாசிக்க ஏலாமல் போச்சு.” மாக்கிறேற் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “இந்தப் படங்களை எடுத்தது என்ர மனிசன்தான். பகலிலை அந்தக் கல்லு அவருக்கு நல்லாத் தெரியும்.”