சைலஸ் அறுக்காமல் விட்ட பழம்

"இன்னா சொல்றேன்னு கேட்டுக்கோங்க. இந்த சைலஸ் யாருக்காகவும் எதுக்காகவும் ஒரு நிமிஷம் நின்னவன் கிடையாது. ஆண்டவரோட ரெண்டாம் வருகையே லேட்டாச்சின்னா கூட, நான் பாட்டுக்கு முன்னாடி போய்க்கினே இருப்பேன்!"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் ஆண்டு மே மாதம், தம் திருமண நாளன்று, சர்ச் வாசலில் நின்று சைலஸ் இப்படிப் பிரகடனம் செய்தார். போதகர் வரப் பத்து நிமிடம் தாமதமாகியிருந்தது. முக்காட்டுக்குள் மணமகள் நேசமணி தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் என்று உறவினர் எடுத்துக்கொண்டார்கள். கவலை என்று அவர் பிற்பாடு விளக்கமளித்தார்.

சைலஸைக் குறை சொல்வதற்கில்லை. அவர் பார்த்த உத்தியோகம் அப்படி. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில், பாலகாட் பகுதியில், பூமிக்குள் நேராக இறங்கும் ஷாஃப்டின் வாயில் நின்று, கேஜுக்கு மணி அடிப்பவர் அவர். ஆட்களைப் பூமிக்குள் இறக்கும் அந்த இரும்புக் கூண்டு அவர் மணி அடித்தால் இறங்கும், அடித்தால் ஏறும். ஷிப்ட் சங்கு ஊதிய பிறகு ஓடிவருகிறவன் சொந்த மைத்துனனாக இருந்தாலும் கதவு சாத்தப்படும். "அடுத்த ட்ரிப்ல வாங்க மச்சான்" என்பார் சைலஸ், மிகுந்த மரியாதையோடு. முப்பது வருடம் இப்படி ஊரையே நேரத்துக்கு இறக்கி ஏற்றிய மனிதருக்கு, காலம் தன் கையிலிருக்கும் மணிக்கயிறு என்று தோன்றிவிட்டதில் வியப்பென்ன?

வீட்டிலும் அதே நிர்வாகம்தான். அரிசி பாதி வெந்ததும் தட்டோடு உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு ராபர்ட்சன்பேட்டை பேக்கரியில் கேக் வேகக் கொடுத்திருந்தார்கள். அந்த நாளில் ஊரில் பாதி வீட்டுக் கேக் அந்த ஒரே அடுப்பில்தான் வேகும்; ட்ரேயில் பெயர்ச் சீட்டைச் செருகிவிட்டு, வாசலில் நின்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். வெண்ணெயும் ஏலக்காயும் மணக்கும் அந்தத் தெருவில் மூக்குள்ளவன் எவனும் அவசரப்பட மாட்டான். சைலஸ் அவசரப்பட்டார். பாதியில் அடுப்பைத் திறக்கச் சொல்லி, தம் ட்ரேயை இழுத்துக்கொண்டு வந்தார். கேக் நடுவில் உள்வாங்கி, ஓரத்தில் மட்டும் நிமிர்ந்து நின்றது. மேலதிகாரிகள் வந்து பார்த்திருந்தால் புது ஷாஃப்ட் என்று அளவெடுத்துப் போயிருப்பார்கள். உள்வாங்கிய கேக்குக்கு எங்கள் பக்கத்தில் இன்றும் 'சைலஸ் கேக்' என்றுதான் பெயர்.

இரண்டாயிரத்தொன்றில் சுரங்கத்தை மூடினார்கள். அன்று முதல் ஊர் முழுநேரமாகக் காத்திருக்கத் தொடங்கியது. மறுபடி திறப்பார்கள் என்று காத்திருந்தோம். நாங்கள் குடியிருந்த சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளை எங்கள் பெயருக்கே எழுதித் தருவார்கள் என்று காத்திருந்தோம். பழக்கதோஷத்தில் சங்கு ஊதுமென்று காலையில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தோம். சைலஸ் மட்டும் அடுத்த வாரமே காலை ரயிலேறிப் பெங்களூர் போய், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் காவலாளியாகச் சேர்ந்துவிட்டார்; தினமும் காலை ரயிலில் போய் இரவு ரயிலில் திரும்புவார். அங்கே லிஃப்ட் இருந்தது. ஒற்றைக் காலை உள்ளே வைத்துக்கொண்டு போனில் பேசிய ஓர் அம்மையாரிடம், "ஏறுறதுன்னா ஏறுங்க, இல்லன்னா அடுத்த ட்ரிப்" என்று சொல்லப் போக, அந்த மாதத்தோடு வேறு கட்டடம் தேட வேண்டியதாயிற்று.

இனி பழத்துக்கு வருவோம்.

நேசமணியின் தாயார் ஒரு துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவர். வெள்ளைக்காரர்களில் கடைசிக் கடைசியாகக் கப்பலேறியவர் அந்தத் துரை. பங்களா முகப்பில் தூணைப் பிடித்து ஒரு கொடி ஏறியிருந்தது. இலை ஒவ்வொன்றும் முறம் அகலம். நடுவெல்லாம் ஓட்டை, ஓரமெல்லாம் கிழிசல். அழகுக்கு வளர்த்த செடி. அதில் பச்சை மக்காச்சோளக் கதிர் போல ஒன்று காய்த்து, ஒருநாள் துரைசாணி அதன் சுளையை ஒரு கரண்டியில் எடுத்து, எட்டு வயது நேசமணியின் வாயில் வைத்திருக்கிறார். அன்னாசி, வாழை, கொஞ்சம் பலா, மூன்றும் சேர்ந்த ருசி. அறுபது வருடமாக நேசமணி இதைச் சொல்லிவந்தார். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. "தொட்டிச் செடியில பழமாம், அத இவங்களுக்கு துரைசாணி ஊட்டிவுட்டாங்களாம்" என்று சர்ச் பெண்கள் அன்போடு சிரிப்பார்கள்.

பங்களா இடிந்து, ஜன்னல் சட்டம் வரை விறகுக்குப் போன பிறகு, நேசமணி அங்கிருந்து ஒரு தண்டை வெட்டிவந்து தம் லைன் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் ஓடுகிற இடத்தில், சில்வர் ஓக் மரத்தடியில் நட்டார். மரத்தைக் கட்டிக்கொண்டு கொடி ஏறியது. பதினைந்து வருடம் இலை விட்டது. இலை மட்டும்தான் விட்டது. விடுமுறைக்கு வந்த மகள் லவினா, "அம்மா, இது மான்ஸ்டெரா! பெங்களூர்ல ஆபீஸ் ரிசப்ஷன்ல வெச்சிருப்பாங்க" என்று அதன் முன் நின்று படமெடுத்துக்கொண்டாள். சைலஸ், "இது ஒரு செடி, இதுக்கு ஒரு தண்ணி" என்று தினமும் ஒருமுறை தம் அதிருப்தியைப் பதிவு செய்தார்.

இரண்டாயிரத்துப் பதினெட்டில் முதல் காய் பிடித்தது. வெள்ளைப் படகு போன்ற மடல் விரிந்து, உதிர்ந்து, நடுத்தண்டு மட்டும் பச்சையாகத் தடித்தது. சைலஸுக்குச் செடிமேல் மதிப்பு வந்துவிட்டது. அந்த அக்டோபரில் அறுப்பின் பண்டிகை. வீட்டில் விளைந்த முதல் பலனை ஆண்டவருக்குக் கொண்டுபோய் வைத்து, ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவது எங்கள் சர்ச்சில் வழக்கம். பூசணி, முருங்கைக்காய், முட்டையிடாத கோழி, எல்லாம் வரும். அதற்கு நடுவே ஊர் பார்த்திராத ஒரு பழம் என்றால்!

"இன்னும் ஆகல" என்றார் நேசமணி. "துரைசாணி சொன்னாங்க, நாம உரிக்கக்கூடாது, அதுவா உரியணும். மேல கீற செதில் ஒவ்வொண்ணா தானா வுழும். வுழுந்த இடத்த மட்டும்தான் தின்னணும். காயா இருந்தா நாக்குல ஊசி குத்தும்ங்க."

"எப்ப வுழும்?"

"பூ வுட்டு ஒரு வருஷம் ஆவும். மேலயும் ஆவும்."

"ஆண்டவருக்குக் குடுக்கறதுக்கு ஒரு வருஷமா? பண்டிகை ஞாயித்துக்கிழமைம்மே!" என்று சொல்லி, சனிக்கிழமை மாலை அறுத்தேவிட்டார்.

ஏலம் வரலாறு காணாத அளவில் நடந்தது. பாலகாட்டில் கேஜை இயக்கும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த டக்ளஸ், சைலஸ் மணியடித்தபடியெல்லாம் ஓட்டிப் பழகிய விசுவாசத்தில், அதை எடுத்தார். எடுத்தவர் அங்கேயே பகிர்ந்துகொடுப்பதும் வழக்கம். டக்ளஸ் தம் பேனாக்கத்தியால் வட்டம் வட்டமாக நறுக்கினார். முதல் துண்டு போதகருக்கு. இரண்டாவது, பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் ரெபேக்காவுக்கு. மூன்றாவதைத் தாமே போட்டுக்கொண்டார்.

மூவரும் மென்றார்கள். மூவரும் நிறுத்தினார்கள். யாரோ கண்ணாடித் தூளை வாயில் கொட்டியது போலிருந்ததாக டக்ளஸ் பின்னர் வாக்குமூலம் அளித்தார். ரெபேக்காவின் உதடு ஐந்தே நிமிடத்தில் அவருக்கு முன்னால் நடந்தது. போதகருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்த ஞாயிறு, ஏலம் முடிந்து சொல்லும் நிறைவு ஆசீர்வாதம் முழுவதும் கைச்சாடையில் வழங்கப்பட்டது. சபையார் உத்தேசமாக ஆமென் சொன்னார்கள். தண்ணீர், தயிர், ஆஸ்பத்திரியில் ஓர் ஊசி என்று மூவரும் மறுநாள் தேறினார்கள்.

"சயனைடு மேட்டுத் தண்ணி குடிச்ச செடி, வேறெப்படி காய்க்கும்?" என்றது ஊர். சயனைடு கலந்த அந்தச் சுரங்கக் கழிவு மலை எங்கள் ஊரில் எதற்கும் பொறுப்பேற்கும்.

"இத யாரு அறுத்துக் கொண்டாந்தது?" என்று ரெபேக்கா, வீங்கிய உதட்டோடு கேட்டார்.

சைலஸ் வாயைத் திறப்பதற்குள் நேசமணி சொன்னார்: "நான்தான்மா. என் செடி."

சைலஸ் திறந்த வாயை மூடிக்கொண்டார். வாழ்நாளில் அவர் தாமதம் செய்த முதல் சந்தர்ப்பம் இது. ஆறு வருடம் தாமதித்தார்.

நேசமணியின் கைச்சமையலில் நெய்ச்சோறு என்றால் பாலகாட் முழுக்க மணக்கும். சபையார் எல்லோரும் சர்ச்சில் சேர்ந்து உண்ணும் அன்பின் விருந்துகளில் அதற்குத்தான் முதல் வரிசை. அதன் பிறகு நடந்த விருந்தில் அவருடைய அலுமினிய அண்டா, போனது போலவே நிறைந்து திரும்பிவந்தது. அதற்கடுத்த விருந்துக்கு, "உங்களுக்கு எதுக்குக்கா சிரமம், உக்காந்து சாப்டுங்க" என்றார் ரெபேக்கா. அத்தனை மரியாதையாக ஒருவரை அடுப்படியிலிருந்து வெளியேற்ற முடியும் என்பதை நாங்கள் அன்று கற்றோம். நேசமணி உட்கார்ந்து சாப்பிட்டார். வீட்டுக்கு வந்து அண்டாவைக் கவிழ்த்து வைத்தார்.

போன வருடம் ஆகஸ்டில் கொடியில் மறுபடி ஒரு மடல் விரிந்தது. அதே சமயம், இனி இந்த வயதில் தனியாக இருக்க வேண்டாம், பெங்களூருக்கே வந்துவிடுங்கள் என்று லவினா பிடிவாதம் பிடிக்கத் தொடங்கினாள். கடைசியில் இந்த அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை வேன் என்று முடிவாயிற்று. நேசமணி தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "போறதுக்கு முன்னாடி என் கையால அந்த ரெபேக்கா ஒரு வாய் தின்னுட்டா போதும். கெட்டத குடுத்தவன்னு பேரு வாங்கிக்கினு இந்த ஊர வுட்டுப் போவ எனக்கு மனசில்ல."

மறுநாள் காலை சில்வர் ஓக் மரத்தடியில் சைலஸின் பிளாஸ்டிக் நாற்காலி வந்து சேர்ந்தது.

அக்டோபர் முதல் ஞாயிறு அறுப்பின் பண்டிகை வந்தது. சைலஸ் இரண்டு தேங்காயோடு சர்ச்சுக்குப் போனார். கொடியில் பழம் பச்சையாக, கல் மாதிரி நின்றது. தெருவில் போன டக்ளஸ் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இன்னா சைலஸ், அறுக்கலியா? கத்தி வேணுமா?" என்று குறும்பாகக் கேட்டார். "போய்யா" என்றார் சைலஸ். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

பத்து நாள் கழித்து, புதன்கிழமை, அடிப்பக்கச் செதில்கள் இளகி இடைவெளி விட்டன. அப்போதுதான் காம்போடு அறுத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, ஒரு சொம்பில் நிறுத்தி வைத்தார்கள். வியாழக்கிழமை அடியிலிருந்து நாலைந்து செதில் தாமாக உதிர்ந்தன. வீடு முழுக்க அன்னாசி மணந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு விரல்கடை அளவுக்கு வெள்ளைச் சுளை தெரிந்தது. மறுநாள் வேன்.

வெள்ளி மாலை ரெபேக்கா விடைபெற வந்தார். மூட்டை கட்டிய சாமான்களுக்கு நடுவே மேசைமேல் இருந்ததைப் பார்த்ததும் பின்வாங்கினார். "அய்யோ அண்ணே, இதுவா! எனக்கு என் உதடு வேணும்."

சைலஸ் எழுந்து நின்றார். மணியடிக்கிற ஆள் பேசப் பயந்ததாக நாங்கள் அதுவரை கேள்விப்பட்டதில்லை. "ரெபேக்கா, அன்னிக்கு அத அறுத்தது நானு. இவ வேணாம்னுதான் சொன்னா. ஒரு வருஷம் ஆவும்னா. நான்தான் பண்டிகைக்கு நேரமாச்சுன்னு அறுத்துட்டேன்."

"அப்ப நேசமணிக்கா ஏன்..." ரெபேக்கா நேசமணியைப் பார்த்தார்.

நேசமணி பார்க்கவில்லை. சுளைகளுக்கு நடுவே ஒட்டியிருந்த கறுப்புத் துகள்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். செதில் உதிர்ந்த இடத்திலிருந்து சோளமணி அளவுக்கு ஒன்று எடுத்துத் தம் வாயில் போட்டுக்கொண்டார். மூவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பத்து நிமிடம் ஆயிற்று. நேசமணியின் உதடு இருந்த இடத்திலேயே இருந்தது. கண் மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது.

"நீயும் மொதல்ல துளியூண்டு வெச்சிப் பாரு. குத்துனா துப்பிடு" என்று கரண்டியை நீட்டினார்.

ரெபேக்கா சிலுவைப்பாடு ஏற்பவர் போலக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார். ஒரு கண் திறந்தது. "இன்னாக்கா இது? அன்னாசியா? பலாவா?"

"ரெண்டும். வாழையும்."

"எட்டு வயசுல தின்னேன்னு சொன்னீங்களே..."

"சொன்னேன்."

ரெபேக்கா இன்னொரு கரண்டி கேட்டார், பிறகு இன்னொன்று. வெள்ளைப் பகுதி தீர்ந்ததும் பக்கத்துப் பச்சைச் செதிலை நகத்தால் நெம்பப் போனார். சைலஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அது இன்னும் வுழல. ஞாயித்துக்கிழமை ஆவும். மேல் பாதி திங்கக்கிழமை."

ரெபேக்கா கையை இழுத்துக்கொண்டு, புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தார். தரையைப் பார்த்தபடி, "ஞாயித்துக்கிழமை அன்பின் விருந்துக்கா" என்றார். "நெய்ச்சோறு இன்னும் யாருக்கும் சொல்லல. நீங்க பண்ணிக் குடுத்தா..."

"நாளைக்கே வேன் வருதும்மா" என்றார் நேசமணி. அண்டா ஏற்கெனவே மூட்டைக்குள் இருந்தது.

சைலஸ் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். உள்ளே இருந்தவர்களுக்கு ஒரு பக்கப் பேச்சுதான் கேட்டது.

"லவினா, வேன செவ்வாக்கிழமைக்கு மாத்திடும்மா... இல்ல, அம்மா நல்லாத்தான் கீறா... ஒண்ணுமில்ல... ஆங், தெரியும், வேன்காரங்கிட்ட சொல்லியாச்சுன்னு தெரியும். நிக்கச் சொல்லு... ஒண்ணும் அவசரமில்ல."

உள்ளே வந்தார். நேசமணி மூட்டையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சைலஸ் மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சற்று நேரத்தில் ஒரு செதில் தானாகக் கழன்று மேசையில் விழுந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்தார். அடுத்தது பாதி இளகித் தொங்கிக்கொண்டிருந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.